காட்பாடி பக்கம் 'மைல்ட் ஆசிட்' வாஷ்: ரூ.4,800 போச்சு, உஷார்

நேத்து நடந்தது, சூட்டோட எழுதுறேன். காட்பாடி பக்கம் ஒரு கார் வாஷ் கடை. பேர் வேணாம். போர் தண்ணியில கழுவிக் கழுவி கண்ணாடி, பானட் எல்லாம் உப்புக்கறை. "மைல்ட் ஆசிட்தான் சார், எலுமிச்சம்பழம் மாதிரி"ன்னு அந்தப் பையன் கேனுக்குள்ள விரலை விட்டுக் காட்டினான். "பாருங்க, ஒண்ணும் ஆவல." அங்கதான் நம்பினது. ரூ.4,800, முன்பணமாவே.

விரலை விட்டுக் காட்டுறது ஒரு டெஸ்டே இல்ல. பாத்ரூம் ஆசிட்ல தண்ணி கலந்து விரலை விட்டாலும் உடனே தோல் வெந்துடாது, அலுமினியம்தான் வெந்துடும். எலுமிச்சம்பழத்துல இருக்கறது சிட்ரிக் ஆசிட், அந்தக் கரைசலுக்கு வாசனையே கிடையாது. இந்த கேனைத் திறந்ததும் மூக்கு எரிஞ்சது. ஹைட்ரோகுளோரிக், அதே பாத்ரூம் ஆசிட்தான், வேற என்ன. அப்பவே நிறுத்தியிருக்கணும்.

வெயில்ல நின்ன வண்டி, பானட்ல கை வைக்க முடியல. அதுமேலயே அடிச்சு, காய விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. காயக் காய தண்ணி போயி ஆசிட் கெட்டியாகும். ஜன்னல் ஓரத்து அலுமினியப் பட்டை பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. அலாய் வீல்ல லேக்கர், அதான் மேல இருக்கற பளபளப்புப் பூச்சு, உரிஞ்ச இடமெல்லாம் திட்டுத்திட்டா. கண்ணாடி தப்பிச்சுது, இந்த ஆசிட் கண்ணாடியைத் தின்னாது. ஃப்ளோரைடு கலந்த வீல் கிளீனரா இருந்தா அதுவும் போயிருக்கும்.

கேட்டா, "ஏற்கெனவே இருந்தது சார்." பில்லு? "போடறதில்ல சார்." ஓனர்? "திருப்பதி போயிருக்காரு, திங்கக்கிழமை வாங்க." போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்ல. ரூ.4,800 கொடுத்து வண்டியைக் கெடுத்துக்கிட்டதுதான் மிச்சம். பட்டை மாத்துற செலவு தனி.

உப்புக்கறையை நாமளே எப்படி எடுக்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், பொறுமை இல்ல. மளிகைக் கடையில லெமன் சால்ட்னு கேட்டா சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 20 கிராம். காலையில நிழல்ல, தகடு குளிர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு பாகமா. மைக்ரோஃபைபர் துணியில நனைச்சு ஒத்தி, ஒரு நிமிஷம் போனதும் நிறைய தண்ணி விட்டுக் கழுவி ஷாம்பு போடுங்க. காய விடாதீங்க. பட்டையில படாம பாத்துக்கங்க. பெயின்ட்டையே அரிச்ச பழைய கறைக்கு ஆசிட் பிரயோஜனப்படாது, பாலிஷ்தான்.

ஆக்ஸாலிக் ஆசிட் துருப்புள்ளிக்கு நல்லது, உப்புக்கறைக்கு வேணாம்: கால்சியத்தோட சேர்ந்து தண்ணியில கரையாத வெள்ளைப் படிவு விடும். வாயில போனா கிட்னிக்கு ஆபத்து, கிளவுஸ் போடாம தொடாதீங்க. எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோட சேர்க்காதீங்க, குளோரின் வாயு வரும். லேபிள் இல்லாத கேனா, வண்டியைத் திருப்புங்க.

திங்கக்கிழமை கடை திறக்கும்போது அங்கதான் நிப்பேன், ரூ.4,800 கட்டின ஸ்கிரீன்ஷாட்டோட.