ஜொன்ஜுவில் 14 மாதம்: சியோலை விட்டு வந்து வேலை பார்த்த அனுபவம்

கொரியாவில் வாடகைக்கு அறை தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது 300/37 மாதிரியான எண்கள்தான். அங்கே பணக் கணக்கெல்லாம் ‘மன்’ என்கிற பத்தாயிரத்தில். முன்பணம் 300 மன், அதாவது 30 லட்சம் வொன். மாத வாடகை 37 மன், 3,70,000 வொன். நம்ம காசுக்கு வாடகை மட்டும் சுமார் 23,000 ரூபாய். ஜொன்ஜு நகரின் குமாம்-தோங் பகுதியில், பழைய நாலு மாடிக் கட்டடத்தில், இந்தக் கணக்குக்குத்தான் எனக்கு ஓர் அறை அமைந்தது. அதற்கு முன் சியோலில் இரண்டு மாதம் இருந்தேன். அதைவிடச் சின்ன அறைக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை லண்டன் நிறுவனத்துக்கு, வீட்டிலிருந்தபடியே. அங்கே காலை பத்து மணி என்றால் கோடையில் கொரியாவில் மாலை ஆறு. மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தால் இரவு பதினொன்று வரை ஓடும். காலை முழுக்க என்னுடையது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், இந்தக் காலை நேரத்தை எங்கே செலவிடுவேன் என்றும் பார்த்தேன். ஜொன்ஜுவை எடுத்ததற்கு உண்மையான காரணம் அதுதான்.

விசாவை முதலில் சொல்லிவிடுகிறேன், பலருடைய திட்டம் நின்றுபோவது இங்கேதான். 2024 ஜனவரியில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்காக எஃப்-1-டி விசாவைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடம், பிறகு இன்னொரு வருடம் நீட்டிக்கலாம். ஆனால் கொரியாவின் தனிநபர் வருமானத்தைப் போல இரண்டு மடங்கு சம்பளம் காட்ட வேண்டும். 2024-இல் அது ஏறக்குறைய 8.5 கோடி வொன், ஐம்பது லட்சம் ரூபாய்க்கும் மேலே. 10 கோடி வொன்னுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஊர் மலிவாக இருந்தாலும் உள்ளே நுழையும் வாசல் மலிவில்லை. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஜொன்ஜு ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். சியோலின் யொங்சான் நிலையத்திலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஆகும். விரைவுப் பேருந்து மலிவு, ஆனால் மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். அந்தப் பேருந்து நிலையம் குமாம்-தோங்கிலேயே இருப்பதால் எனக்கு அதுதான் வசதி. மாதம் ஒருமுறை சியோல் போய் இதேவொன் பகுதிக் கடைகளில் துவரம் பருப்பும் மஞ்சள்தூளும் வாங்கிவருவேன். ஊருக்குள் மெட்ரோ கிடையாது, பேருந்துதான். வழி தேட நேவர் மேப் என்கிற கொரிய வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் வாரக் கணக்கில் விடும் அறை ஒன்றில் தங்கி, நாலு பகுதிகளை நடந்து பார்த்தேன். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் போகும், ஹனோக் என்கிற பாரம்பரிய வீடுகள் நிறைந்த ஹனோக் கிராமத்தில் தங்க வேண்டாம் என்பேன். ஓட்டு வீடுகளும், 1410-இல் எழுப்பிய கியொங்கிஜொன் என்கிற அரச நினைவாலயமும் பார்க்க அத்தனை அழகு. ஆனால் சனி, ஞாயிறு வந்தால் சந்து முழுக்கச் சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தம், விலையும் ஏறிவிடும். மேற்கே புது நகர்ப் பகுதியில் கட்டடங்கள் புதிது, வாடகையும் அதற்கேற்ப. ஜொன்புக் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் கையைக் கடிக்காத அறைகள் உண்டு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பருவம் தொடங்கும் என்பதால் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் மாணவர்கள் காலி செய்வார்கள். தேடுவதற்கு அதுதான் நேரம்.

ஒப்பந்தம் போடும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். பராமரிப்புக் கட்டணம் 5 மன், ‘எல்லாம் இதில் சேர்த்தி’ என்றார் தரகர். தண்ணீரும் இணையமும் மட்டும்தான் சேர்த்தி. எரிவாயு தனி. அந்த வித்தியாசம் ஜனவரி வரை எனக்குத் தெரியவில்லை, ஜனவரி ரசீதில் 1,42,000 வொன் வந்து நின்றது.

தரைக்கடியில் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஒந்தோல் முறை அது. சுவரில் சின்னதாக ஒரு பலகை, அதில் ‘வேச்சுல்’ என்று ஒரு பொத்தான். வெளியே போகிறேன் என்று பொருள். சிக்கனம் என்று நினைத்து, நூலகத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அதை அழுத்திவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் தரை ஐஸ் மாதிரி கிடக்கும். கொதிகலன் இரண்டு மணி நேரம் முழு மூச்சில் ஓடித்தான் பழைய சூட்டுக்கு வரும். காசு போனது அதில்தான். ரசீதை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் போனேன். அவர் மேலே வந்து, வேச்சுலை அணைத்து, 19 டிகிரியில் வைத்து, அந்தப் பொத்தானின் மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டிவிட்டுப் போனார். நாலைந்து நாள் ஊரில் இல்லாவிட்டால் மட்டும் அதை அழுத்து, தினமும் வேண்டாம் என்றார். பிப்ரவரியில் 90,000 வொன்னுக்குள் வந்தது. வடக்குச் சுவரில் நீர் கோத்துப் பூஞ்சை பிடித்ததை மட்டும் கடைசி வரை முழுசாக ஒழிக்க முடியவில்லை. பழைய கட்டடம் பார்ப்பவர்கள் அலமாரியை நகர்த்திச் சுவரின் மூலையைத் தொட்டுப் பாருங்கள்.

இனி நூலகம். ஜொன்ஜு தன்னை நூலக ஊர் என்றே சொல்லிக்கொள்கிறது, பொருத்தமான பெயர்தான். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பயணிகளுக்கென்று ஒரு குட்டி நூலகம் உண்டு. ஹக்சான் காட்டுக்குள் கவிதைப் புத்தகங்களுக்கு மட்டும் ஒன்று. கொத்சிம் என்கிற நகர நூலகத்தில் ஒரு பகுதி முழுக்க 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் உள்ளே போக முடியாது. அந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. அங்கே பெரியவர்களுக்கான மேசைகளில் என் காலைகள் கழிந்தன. தொக்ஜின் பூங்காக் குளத்தின் நடுவே ஹனோக் பாணியில் கட்டிய யொன்ஹ்வாஜொங் நூலகத்துக்கு மடிக்கணினி கொண்டுபோனதில்லை. ஜூலையில் குளம் முழுக்கத் தாமரை. திறந்த கதவோரம் புத்தகத்தோடு உட்கார்ந்தால் இலைமேல் மழை விழும் சத்தம் கேட்கும். திங்கட்கிழமை பெரும்பாலான நூலகங்கள் மூடியிருக்கும்.

இரவு வேலைக்கு ‘ஸ்டடி கஃபே’ என்கிற, காசு கட்டி உட்கார்ந்து படிக்கும் அமைதியான இடங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று: விசைப்பலகைச் சத்தத்துக்கே அங்கே முறைப்பார்கள். மடிக்கணினிக்கென ஒதுக்கிய பகுதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். காணொளிக் கூட்டங்களை அறையிலேயே வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்காகவே இந்த ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. 2012-இல் யுனெஸ்கோ உணவு நகரங்களின் வரிசையில் இது சேர்ந்தது. எனக்கு வாரம் மூன்று நாள் காலைச் சாப்பாடு சோயா முளைக் குழம்புச் சோறு, கொங்னாமுல் குக்பாப். நம்பு சந்தைக் கடையில் சோற்றின் மேல் கொதிக்கும் சாற்றை ஊற்றி வடித்து, மறுபடி ஊற்றி வடித்துச் சூடேற்றுவார்கள். தனிக் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை வரும். அதில் மூன்று கரண்டி சாற்றை விட்டு, கடற்பாசித் தாளை நொறுக்கிப் போட்டு முதலில் அதைக் குடித்துவிட வேண்டும். எட்டாயிரம் வொன். பரிமாறும் அம்மாவை எல்லாரும் ‘இமோ’ என்றே கூப்பிடுவார்கள், அம்மாவின் உடன்பிறந்தவள் என்று பொருள், நம் சித்தி மாதிரி. இரண்டாம் வாரத்திலிருந்து நானும் அப்படியே கூப்பிட்டேன். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் கஷ்டம், சோயா முளைச் சாற்றிலும் நெத்திலி இருக்கும். ஜொன்ஜு பிபிம்பாப் என்கிற கலவைச் சோற்றில் பச்சை மாட்டிறைச்சி வைப்பது வழக்கம். வேண்டாதவர்கள் ‘சோகொகி பே ஜுசேயோ’ (மாட்டிறைச்சியை எடுத்துவிடுங்கள்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மொழி தெரியாமல் இங்கே காலம் தள்ளலாம் என்று சொல்ல மாட்டேன். சியோலில் ஆங்கிலத்தில் முடிந்த காரியங்கள் இங்கே முடியாது. வெளிநாட்டவர் அட்டை கைக்கு வந்து, உங்கள் பெயரில் கைபேசி எண் வாங்கும் வரை பாதிச் செயலிகள் திறக்கவே மாட்டா. நான் கொரிய எழுத்தான ஹங்குலை வருவதற்கு முன்பே படித்திருந்தேன். பேச்சு வர ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் சில வாரங்கள் அலுவலகக் கூட்டங்களைத் தவிர யாரோடும் பேசியதில்லை. நவம்பர் மாலைகள் மிகத் தனிமையாக இருந்தன. பல்கலைக்கழகப் பக்கம் மொழிப் பரிமாற்றக் குழு ஒன்றில் சேர்ந்த பிறகுதான் அது மாறியது. முதல் வாரமே சேர்ந்திருக்க வேண்டும்.

காலி செய்த அன்று எரிவாயு அளவைக் குறித்து மிச்சக் கணக்கைக் கட்டினேன். குப்பைக்கான பைகளை அந்தந்த ஊரிலேயே வாங்க வேண்டும், வேறு ஊரில் செல்லாது. மீந்த எட்டுப் பைகளை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, பொத்தானின் மேல் இருந்த நாடாவை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். மதியத்துக்குள் 300 மன் முன்பணமும் என் கணக்குக்கு வந்துவிட்டது.