காராபினரை எங்கே வாங்குவது? போலிக்குத் தப்பும் வழிகள்: ஓர் ஒப்பீடு

காராபினர் என்பது பாறையேற்றத்தில் கயிற்றையும் ஏறுபவரையும் கருவிகளையும் இணைக்கும், திறந்து மூடும் உலோக வளையம். அதன் வலு, இழுத்து உடைத்தால்தான் தெரியும். உடைத்துவிட்டால் அது உதவாது. போலிப் பாறையேற்றக் கருவிகளின் பிழைப்பே இந்த இக்கட்டில்தான் நடக்கிறது.

வாங்குவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற கடை, பெரிய இணையச் சந்தையில் இருக்கும் மூன்றாம் தரப்பு விற்பனையாளர், கேள்விப்படாத பிராண்டின் மலிவுக் கருவி, பிறர் பயன்படுத்திய பழைய கருவி. நான் அங்கீகரிக்கப்பட்ட கடையின் பக்கம். அங்கே விலை கூடுதல், ரகங்கள் குறைவு, கேட்ட அளவு கையிருப்பில் இருக்காது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை, அதிகம் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது ஒரே ஒரு விஷயம்: தொழிற்சாலையிலிருந்து உங்கள் இடுப்பு வரை அந்தக் கருவி வந்த பாதையைக் காகிதத்தில் காட்ட முடியுமா, முடியாதா?

"நல்லா உத்துப் பார்த்தா டூப்ளிகேட் தெரிஞ்சிடும்" என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. பாறையேற்றக் கருவிகள் செய்யும் பிரான்சின் பெட்ஸல் நிறுவனம் 2011இல் தன் கருவிகளின் போலிகள் உலவுவதாக எச்சரிக்கை வெளியிட்டது. கயிற்றில் ஏற உதவும் குரோல், அசென்ஷன், அத்தாஷ் காராபினர் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. போலி செய்தவர்கள் வடிவத்தோடு நிற்கவில்லை. லோகோ, தொகுதி எண், சிஇ என்ற ஐரோப்பியப் பாதுகாப்புக் குறி, யுஐஏஏ என்ற பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் குறி, உள்ளே வைக்கும் பயன்பாட்டுக் குறிப்பு, மேலட்டை என எல்லாவற்றையும் நகலெடுத்திருந்தார்கள். பொறித்த எழுத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் காலம் அப்போதே முடிந்துவிட்டது.

அதற்காகக் கண்ணால் பார்ப்பது வீண் என்று அர்த்தமில்லை. மட்டமான போலியை அது பிடித்துவிடும். கேட்டை (திறந்து மூடும் பகுதியை) முழுக்கத் திறந்து, விரலை மெதுவாகத் தளர்த்துங்கள். எந்த நிலையிலும் தயங்காமல் மூட வேண்டும். மூடியபின் கேட்டின் முனையும், அது வந்து பொருந்தும் உடலின் நுனியான மூக்கும் நேர்கோட்டில் நிற்கின்றனவா, பக்கவாட்டில் அழுத்தினால் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். இந்த ஆட்டம் வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. சுமை ஏறும்போது உடல் லேசாக நீள்கிறது. அப்போதுதான் கேட் மூக்கோடு பூட்டிக்கொண்டு சுமையில் பங்கு எடுக்கிறது. அந்த இடத்தில் இடைவெளி கூடினால் கேட் பூட்டிக்கொள்ளாது. மூடியிருந்தும் திறந்த கேட்டுக்குச் சமம். ஈஎன் 12275 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி சாதாரணக் காராபினர் நீளவாக்கில் மூடிய நிலையில் குறைந்தது 20 கிலோநியூட்டன் (ஏறக்குறைய இரண்டு டன் எடை) தாங்க வேண்டும், திறந்த நிலையில் 7 போதும். மேலே 20 என்று பொறித்திருக்கும், கையில் இருப்பதோ 7க்குப் பக்கத்தில்.

சமையலறைத் தராசில் எடைபோட்டுத் தயாரிப்பாளர் அறிவித்த எடையோடு ஒப்பிடலாம். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தால் சந்தேகிக்கக் காரணம் உண்டு. எடை சரியாக வந்தால்? எதுவும் நிரூபணமாகவில்லை. உயர்தரக் காராபினர்கள் பெரும்பாலும் 7075 வகை அலுமினியக் கலவையில் அடித்து உருவாக்கப்பட்டு, பிறகு வெப்பப் பதம் பெறுகின்றன. அதே கலவை பதம் பெறாத நிலையில் பாதி வலுகூடக் காட்டாது. பதப்படுத்தலுக்கு எடையும் இல்லை, நிறமும் இல்லை.

ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை), ஸ்லிங் (வளையமாகத் தைத்த பட்டை), கயிறு போன்ற துணிப் பொருட்களில் நிலைமை இன்னும் மோசம். குறுக்குத் தையல்களின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றா, நூல் நுனிகள் அவிழ்கின்றனவா, லேபிள் பட்டையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா அல்லது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் நூலின் தரம் கண்ணுக்குப் பிடிபடாது. துணியில் போலியைப் பிரித்தறிவது பற்றி யார் சொன்னாலும், நான் சொல்வது உட்பட, அரை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்வது நல்லது.

இணையக் காணொளிகளில் மலிவான காராபினரை இழுவை எந்திரத்தில் மாட்டி, "பாருங்கள், 24 கிலோநியூட்டன் தாங்கிவிட்டது" என்பார்கள். ஒரு துண்டு தாங்கியது உண்மைதான், அடுத்த துண்டைப் பற்றி அது என்ன சொல்கிறது? உருப்படியான தயாரிப்பாளர் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரிகளை உடைத்துப் பார்க்கிறார். சிலர் சராசரியிலிருந்து மூன்று மடங்கு திட்ட விலக்கத்தை (முடிவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) கழித்து, மிஞ்சும் எண்ணைத்தான் பொறிக்கிறார்கள். கணக்கு எளிது. சராசரி 24, விலக்கம் 0.5 என்றால் 22.5 என்று நம்பிச் சொல்லலாம். அதே 24 சராசரி, ஆனால் விலக்கம் 4 என்றால் 12 வரை இறங்கும் துண்டுகளும் அந்தக் குவியலில் இருக்கலாம். போலியில் இல்லாதது வலு என்பதைவிட ஒழுங்கு என்று சொல்வேன். ஒழுங்கை ஒரு துண்டில் சோதிக்க முடியாது.

பாதையைக் காட்டும் காகிதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நல்ல நிறுவனத்தின் அசல் கருவியிலும் பிழை நேரும். 2011 ஜூனில் கிரிகிரி 2 என்ற பிலே கருவியில் (ஏறுபவரின் கயிற்றைக் கீழிருப்பவர் பிடித்து நிறுத்த உதவுவது) குறிப்பிட்ட தொகுதிகளை பெட்ஸல் திரும்பப் பெற்றது. கைப்பிடியை முழுக்க இழுத்த நிலையில் அளவுக்கு மீறி அழுத்தினால் உள் பாகம் சேதமாகி, கைப்பிடி திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம் என்பது காரணம். வரிசை எண்ணின் முதல் ஐந்து இலக்கங்கள் 10326இலிருந்து 11136 வரை இருந்தவை மட்டுமே அதில் அடங்கின. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் நாள். அதாவது 2010 நவம்பர் 22 முதல் 2011 மே 16 வரை. அசல் வைத்திருந்தவர் எண்ணைப் பார்த்து அரை நிமிடத்தில் முடிவெடுக்கலாம். போலியின் மேல் இருக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. பட்டியலில் வராததால் நிம்மதியாக இருப்பவர் ஏமாறுகிறார், பட்டியலில் வந்ததால் திருப்பி அனுப்புபவரும் ஏமாறுகிறார்.

இந்த அளவுகோலில் இணையச் சந்தை தோற்றுப்போகிறது. விற்பனையாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் ஒரே பட்டைக்குறி உள்ள சரக்கைப் பல விற்பனையாளர்களிடமிருந்து வாங்கி ஒரே அடுக்கில் கலந்து வைக்கும் கிடங்கு என்றால், நீங்கள் தேர்ந்த பெயர் ஒன்று, பெட்டிக்குள் வருவது வேறொருவருடையது. நட்சத்திர மதிப்பீடுகளும் அந்தக் கலவைக்குத்தான். அங்கே வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரே கருவியில் இரண்டு வாங்கிப் பாருங்கள். தொகுதி எண் ஒன்றாக இருக்கலாம். தனித்தனி வரிசை எண் பொறிக்கும் கருவியில் இரண்டிலும் அதே எண் இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை, போலி.

கேள்விப்படாத பிராண்டைப் போலியோடு சேர்த்துத் திட்டுவது அநியாயம். தன் சொந்தப் பெயரில் விற்பவர் யாரையும் போல நடிக்கவில்லை. காகிதத்தைக் கேட்டால் போதும். உயரத்திலிருந்து விழுவதைத் தடுக்கும் கருவி ஐரோப்பிய விதி 2016/425இன்படி மூன்றாம் வகையில், அதாவது உயிராபத்தைத் தடுக்கும் கருவிகளின் வகையில், வருகிறது. ஆகவே சிஇ குறிக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருந்தே ஆக வேண்டும். உற்பத்தியைக் கண்காணிக்கும் அமைப்பின் எண் அது: 0082 என்றால் பிரான்சின் அப்பாவ், 0123 என்றால் ஜெர்மனியின் டியூவி சூட். எண் இல்லாத வெறும் சிஇ என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். எண் இருந்தால் ஐரோப்பிய ஆணையத்தின் நாண்டோ தரவுத்தளத்தில் தேடி, அந்த அமைப்புக்கு இந்த வகைக் கருவியைச் சோதிக்கும் உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். விதிக்கு இணங்குகிறது என்று தயாரிப்பாளர் தரும் இணக்க அறிவிப்பு கருவியோடு வர வேண்டும், அல்லது அது கிடைக்கும் இணைய முகவரி பயன்பாட்டுக் குறிப்பில் இருக்க வேண்டும். அதில் மாடல் பெயரும் தர எண்ணும் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். யுஐஏஏ குறி இருந்தால் அவர்கள் இணையதளத்தின் சான்று பெற்ற கருவிகள் பட்டியலில் மாடல் பெயர் இருக்கும். இத்தனையும் தேறிய பெயர் தெரியாத காராபினரை, யார் விற்றார் என்று தெரியாத புகழ்பெற்ற லோகோவைவிட நான் நம்புவேன்.

(தர எண்ணைப் பார்க்கும்போதே ஹெல்மெட்டையும் பார்த்துவிடுங்கள். ஈஎன் 397 கட்டுமானத் தளத்துக்கானது. எங்காவது சிக்கினால் கழுத்தை இறுக்காமலிருக்க அதன் தாடைப் பட்டை 150 முதல் 250 நியூட்டனுக்குள் விட்டுக்கொடுக்கும். ஏறுபவருக்கு வேண்டியது ஈஎன் 12492. 397 போலி இல்லை, ஏறுபவருக்குத் தப்பான பொருள்.)

பழைய கருவியில் போலி பயம் குறைவு, வரலாற்றுப் பயம் அதிகம். கயிறு வேண்டவே வேண்டாம். பேட்டரி அமிலம் பட்ட நைலான், வெளியே சுவடு காட்டாமல் உள்ளே செத்துக் கிடக்கும். துணிப் பொருளுக்குப் பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பத்தாண்டுதான் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். உலோகக் கருவி என்றால், முதலில் வாங்கியவரே விற்கிறார், ரசீதும் இருக்கிறது என்ற நிலையில் யோசிக்கலாம். அப்போதும் பாதை தெரிகிறது அல்லவா? அந்த வகையில் இது இணையச் சந்தையை முந்திவிடுகிறது.

அங்கீகரிக்கப்பட்ட கடை என்று பலகை மாட்டியவர் எல்லாம் அப்படி இல்லை. கடையின் தளத்திலிருந்து தயாரிப்பாளரிடம் போகாதீர்கள். தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள விற்பனையாளர் பட்டியலிலிருந்து கடைக்குப் போங்கள். ரசீதில் மாடல் குறியீடு எழுதச் சொல்லுங்கள். ஹார்னஸும் கயிறும் வாங்கும்போது தயாரிப்பு ஆண்டைக் கடையிலேயே பாருங்கள், தேங்கிய சரக்கு அங்கேயும் உண்டு. வரிசை எண்ணையும் ரசீதையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். ஆண்டுச் சோதனைக்கும் திரும்பப் பெறும் அறிவிப்புக்கும் அந்த ஒரு படம் போதும்.

கையில் இருப்பது போலியோ என்று சந்தேகம் வந்தால் உடனே திருப்பி அனுப்பாதீர்கள், அது இன்னொருவர் பெட்டிக்குப் போகலாம். குறிகள், அட்டை, ரசீது எல்லாவற்றையும் படமெடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை தனியே பூட்டி வையுங்கள். போலி என்று உறுதியானால் இரும்பறுக்கும் வாளால் காராபினரின் உடலை இரண்டாக அறுத்துவிடுங்கள். துணி என்றால் சுமை தாங்கும் பட்டையை வெட்டுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

காசு இடித்தால் சுமை தாங்காதவற்றில் மிச்சம் பிடிக்கலாம். விரல் வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடியின் பை, கயிற்றுப் பை, பிரஷ் எல்லாம் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். தண்ணீர்க் குடுவையைத் தொங்கவிடும் அலங்காரக் காராபினரை மட்டும் ஹார்னஸின் கருவி வளையத்தில் மாட்டாதீர்கள். அவசரத்தில் தடவி எடுக்கும் விரலுக்கு 20 கிலோநியூட்டனும் சாவிக்கொத்தும் ஒரே வடிவம்தான்.