பழைய ஹேங்கரைத் திருத்துவதா, புதிதாகக் கட்டுவதா?

புதுப் போர் விமானம் வருகிறதென்றால் எல்லோரும் முதலில் அளப்பது ஹேங்கரின், அதாவது விமானக் கொட்டகையின், கதவு அகலத்தை. அமெரிக்கப் போர் விமானமான எஃப்-35ஏ-யின் இறக்கை விரிவு சுமார் 10.7 மீட்டர்தான், பழைய ஹேங்கர் பலவற்றில் தாராளமாக நுழையும். சிக்கல் மின்சாரத்தில். முந்தைய விமானங்களுக்கு 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் போதும். இதற்கு 270 வோல்ட் நேர்திசை மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமாக மாற்றித் தரும் கருவியை விமானத்திலிருந்து தள்ளி வைத்து நீளமாகக் கேபிள் இழுத்தால் முனையில் வோல்டேஜ் இறங்கிவிடும்.

பழைய கட்டடம் உண்மையில் திணறுவது விமானத்தின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அறையில்: எதுவும் வெளியே கசியாதிருக்க, சுவரைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு குழாயையும் தேடி அடைக்க வேண்டும்.

புதுக் கட்டடத்தில் இதெல்லாம் வரைபடத்திலேயே அடங்கும். ஆனால் நிதி கேட்கும் நேரத்தில் விமானத்தின் தேவைகளே முழுதாக முடிவாகியிருக்காது. அதனால், பின்னால் கேபிள் இழுக்கத் தரைக்கடியில் காலிக் குழாய்களைக் கூடுதலாகவே புதைத்துவிடுங்கள். காங்கிரீட்டைப் பிறகு உடைப்பது பெரிய தண்டம். விமானம் இரண்டே ஆண்டில் இறங்குமென்றால், திருத்தம்தான் வழி.