பிளாக்பூல் நகர மன்றத் தேர்தல் வரலாறு: பிளிமத் தொகுப்பை எதுவரை நம்பலாம்?

இங்கிலாந்தின் லங்காஷயர் கடற்கரையில் உள்ள பிளாக்பூலின் நகர மன்றத் தேர்தல்களை ஆராய நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டியது பிளிமத் பல்கலைக்கழகத் தேர்தல் மையத்தின் பிடிஎஃப் தொகுப்பு. காலின் ராலிங்ஸ், மைக்கேல் த்ராஷர் என்ற இரு பேராசிரியர்களின் உழைப்பு அது. கட்டணம் கிடையாது. 1973 தேர்தலில் தொடங்கி, வார்டு வாரியாக வேட்பாளர் பெயர், கட்சி, வாக்கு, சதவீதம், வாக்குப்பதிவு எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்.

இப்படி ஒரு தொகுப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது மூல ஆவணங்களைத் தேடிப் போனால்தான் புரியும். உள்ளாட்சித் தேர்தல் முடிவை அறிவிப்பவர் அந்தந்த மன்றத்தின் தேர்தல் அதிகாரி. வாக்குச்சீட்டுகளை ஓராண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்கள். அதன்பின் மிஞ்சுவது அன்று அறிவித்த எண்கள் மட்டுமே. அவற்றை யாரோ ஒருவர் அக்கறையோடு எழுதிவைத்திருந்தால்தான் வரலாறே உண்டு. அந்த வேலையை இவர்கள் நாடு முழுவதற்கும் செய்திருக்கிறார்கள்.

வேட்பாளர் பெயருக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் தொகுப்பைத் தயங்காமல் எடுத்தாளலாம். கவனம் தேவைப்படுவது சதவீதத்தில்.

பிளாக்பூலில் ஒரு வார்டுக்கு இரண்டு கவுன்சிலர்கள். வாக்காளர் இரண்டு பேருக்கு வாக்களிக்கலாம், ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டும் வரலாம். ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். ‘அ’ கட்சியின் இருவருக்கும் 900, 700. ‘ஆ’ கட்சியின் இருவருக்கும் 800, 780. ‘இ’ கட்சி ஒருவரைத்தான் நிறுத்தியது, அவருக்கு 300. கட்சிக்கு ஒருவராக அதிக வாக்கு பெற்றவரை மட்டும் கணக்கில் எடுத்தால் அ 45, ஆ 40, இ 15 சதவீதம். எல்லா வாக்குகளையும் கூட்டினால் அ 46.0, ஆ 45.4, இ 8.6. கட்சி வேட்பாளர்களின் சராசரியை எடுத்தால் அ 42.3, ஆ 41.8, இ 15.9. ஒரே வார்டு, ஒரே வாக்குகள். ஒரு கணக்கில் ‘அ’ 5 புள்ளி முன்னிலையில் நிற்கிறது, மற்ற இரண்டிலும் இழுபறி. ‘இ’ கட்சியின் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, அல்லது பாதியாகிறது.

பிளிமத் மையம் பொதுவாகக் கையாள்வது முதல் முறை. பல கட்சிகள் முழுப் பட்டியல் நிறுத்தாத ஊருக்கு அது நியாயமான தேர்வுதான். ஆனால் நாளிதழிலோ வேறு இணையதளத்திலோ வரும் சதவீதம் பெரும்பாலும் கூட்டல் முறையில் போட்டது. இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்த்தால், நடக்காத ஏற்ற இறக்கம் நடந்ததாகத் தெரியும். எனவே வாக்கு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, சதவீதத்தை முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டுவரை ஒரே முறையில் நீங்களே போடுங்கள்.

வாக்குப்பதிவிலும் இதே வம்பு உண்டு. மேலே சொன்ன வார்டில் விழுந்த வாக்குகள் 3,480. அதை இரண்டால் வகுத்து 1,740 பேர் வாக்களித்தார்கள் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது குறைந்தபட்ச எண். ‘இ’ வேட்பாளருக்கு மட்டும் போட்டுவிட்டு இரண்டாவது வாக்கை விட்டவர்கள் எத்தனை பேரோ, அதற்கேற்ப உண்மையான எண் கூடும். கொடுக்கப்பட்ட வாக்குச்சீட்டு எண்ணிக்கை கிடைக்காத ஆண்டுகளுக்கு வாக்குப்பதிவை ஊகித்து நிரப்பாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே நேர்மை.

ஆண்டுகளை ஒப்பிடும்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1979 மே 3, 1997 மே 1, 2015 மே 7 ஆகிய நாட்களில் நாடாளுமன்றப் பொதுத் தேர்தலும் உள்ளாட்சித் தேர்தலும் ஒன்றாக நடந்தன. அந்த ஆண்டுகளில் வாக்குப்பதிவு எகிறியிருப்பதைப் பார்த்து, பிளாக்பூல் மக்களுக்கு நகர மன்றத்தின் மேல் திடீர் ஆர்வம் வந்துவிட்டதாக எழுதிவிடக் கூடாது. 1997-க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 1998 ஏப்ரல் 1 அன்று பிளாக்பூல் லங்காஷயர் கவுண்டி (மாவட்டம் போன்ற பெரிய நிர்வாகப் பகுதி) மன்றத்தின் கீழிருந்து விலகித் தனி மன்றமானது. அதற்கான உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த தேர்தல் அது. அடுத்து 2000, 2003, பிறகு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை.

2003-இல் வார்டு எல்லைகளும் மாறின. 22 வார்டு, 44 உறுப்பினர் என்றிருந்தது 21 வார்டு, 42 உறுப்பினர் என்றானது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி, எல்லை வரைபடத்தைப் பார்க்காமல் 2000-ஐயும் 2003-ஐயும் இணைத்துக் கோடு போட்டால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமில்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் ஓர் இடைவெளி விடுங்கள்.

தொகுப்பில் பெரும்பகுதி முழு மன்றத்துக்கும் நடந்த தேர்தல்கள்தான். இடைத்தேர்தல்களைத் தனியாகத் தேடி ஒட்ட வேண்டும். 1972 உள்ளாட்சிச் சட்டப்படி, காலியான இடத்துக்கு இரண்டு வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் வரும். பதவிக்காலம் முடிய ஆறு மாதத்துக்குள் இடம் காலியானால் வராது. ஆகவே தேர்தலுக்குச் சற்று முன் மன்றத்தில் ஓர் எண் குறைந்திருந்தால், அது அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

தேர்தலுக்குப் பின் கவுன்சிலர்கள் கட்சி மாறுவதும் தொகுப்பில் தெரியாது. 2007-இல் கன்சர்வேட்டிவ் கட்சி மன்றத்தைப் பிடித்தது, 2011-இல் தொழிலாளர் கட்சி மீட்டது. 2015-இல் தொழிலாளர் 29, கன்சர்வேட்டிவ் 13. 2019-இல் தொழிலாளர் 23, கன்சர்வேட்டிவ் 15, சுயேச்சை 4. பெரும்பான்மைக்கு 22 வேண்டும், எனவே இருவர் விலகினாலே ஆளுங்கட்சி சிறுபான்மையாகிவிடும். அத்தகைய மாற்றங்களுக்கு மன்றக் கூட்டப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும். சமீபத்திய தேர்தல்களுக்கும் மன்றத்தின் இணையதளமே கதி.

1973-க்கு முந்தைய காலம் முற்றிலும் வேறு உலகம். பிளாக்பூல் 1876-இல் நகராட்சியானது, 1904-இல் கவுண்டி பரோ, அதாவது கவுண்டி மன்றத்தின் கீழ் வராத தனி நகர நிர்வாகம் என்ற தகுதி பெற்றது. பிளிமத் பிடிஎஃப் இங்கே உதவாது. போக வேண்டிய இடம் குயின் தெருவில் உள்ள மத்திய நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு. அங்கே மைக்ரோஃபிலிமில் பழைய நாளிதழ்களைப் படிக்கலாம். தேதி தெரியாமல் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் வீணாகும். 1947 வரை தேர்தல் நாள் நவம்பர் 1, அது ஞாயிறாக இருந்தால் 2. முடிவுக்கு அடுத்த சில நாள் இதழ்களையும், வேட்பாளர் பட்டியலுக்கு அதற்கு முந்தைய வாரங்களையும் பாருங்கள். 1949 முதல் மே மாதம். 1939 முதல் 1944 வரை போர் காரணமாகத் தேர்தலே இல்லை, காலியிடங்களை மன்றமே நிரப்பிக்கொண்டது.

இந்தக் காலத்தில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்குக் கவுன்சிலர்களே தேர்தலைச் சந்தித்தார்கள். மூன்று கவுன்சிலருக்கு ஓர் ஆல்டர்மேன் (மன்றமே தேர்ந்தெடுக்கும் மூத்த உறுப்பினர்) என்ற கணக்கில், மக்கள் வாக்களிக்காத உறுப்பினர்களும் மன்றத்தில் இருந்தார்கள். கவுன்சிலர் ஒருவர் ஆல்டர்மேன் ஆனால் அவருடைய வார்டில் உடனே இடைத்தேர்தல். நவம்பர் கடைசியில் திடீரெனத் தேர்தல் செய்தி வந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். போட்டியின்றி வென்றவர்களையும் எழுதிவையுங்கள். அவர்களை விட்டுவிட்டு மொத்த வாக்கு சதவீதம் போட்டால், எதிர்ப்பே இல்லாத அளவுக்குப் பலமாக இருந்த கட்சி பலவீனமாகத் தெரியும்.

கட்சிப் பெயர் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1969 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துக்கு முன் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இல்லை. அதற்கு முந்தைய கட்சி அடையாளம் எல்லாம் பத்திரிகை ஒட்டியது. ஒரே மனிதரை ஓர் ஆண்டு சுயேச்சை என்றும் மறு ஆண்டு கன்சர்வேட்டிவ் என்றும் எழுதியிருப்பார்கள். அட்டவணையில் கட்சிக்கு இரண்டு பத்திகள் வையுங்கள்: நாளிதழ் சொன்னது ஒன்றில், உங்கள் முடிவு மற்றதில். முதல் பத்தியை ஒருபோதும் திருத்தாதீர்கள்.