அமுக்குவதா, பிடித்திருப்பதா? இரண்டு போன்களோடு ஒன்பதரை வருடம்

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். பாதி வேலை அலுவலகக் கணினியில், மீதி ரயிலில். குரோம்பேட்டையில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்கும்வரை வலது கை மேலே பிடியைப் பிடித்திருக்கும், இடது கையில் போன், கட்டைவிரல் மட்டும் வேலை செய்யும். அதனால் போன் வாங்கும்போது கேமராவை எல்லாம் நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒரு சொல்லின் நடுவில் கர்சரைக் கொண்டுபோய் வைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதுதான் எனக்குக் கணக்கு.

2016 நடுவில் வாங்கிய ஐபோன் 6எஸ் என்னிடம் நாலரை வருடம் இருந்தது. 2020 கடைசியில் வாங்கிய ஐபோன் 11 ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னது விரல் எவ்வளவு அழுத்தமாக அமுக்குகிறது என்று அளக்கும். பின்னது விரல் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான்.

6எஸ் 2015 செப்டம்பரில் வந்தபோது ஆப்பிள் இதற்கு 3டி டச் என்று பெயர் வைத்தது. திரையின் பின்னொளி அடுக்கில் உணரிகள் இருக்கும். விரல் அமுக்கும்போது மேல்கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், கண்ணாடிக்கும் பின்னொளிக்கும் உள்ள இடைவெளி மாறுவதை அந்த உணரிகள் அளக்கும். கண்ணாடி எப்படி வளையும் என்று நானும்தான் கேட்டேன். வளைகிறது. இதற்கான விலை எடையில் தெரிந்தது: ஐபோன் 6 129 கிராம், 6எஸ் 143 கிராம். கூடிய எடையில் பெரும்பங்கு இந்தத் திரையுடையது.

மெயிலை லேசாக அமுக்கினால் திறக்காமலே எட்டிப்பார்க்கலாம், இன்னும் அமுக்கினால் முழுதாகத் திறக்கும். கேமரா ஐகானை அமுக்கினால் வரும் பட்டியலிலிருந்து நேராக செல்ஃபிக்குப் போகலாம். முதல் மாதம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன், அப்புறம் நானே மறந்துவிட்டேன். கையில் ஒட்டியது இரண்டுதான். ஒன்று, திரையின் இடது ஓரத்தை அமுக்கி இழுத்து ஆப் மாற்றுவது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11-இல் அதை எடுத்துவிட்டு 11.1-இல் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் இருந்த அந்தச் சில வாரம் என் கட்டைவிரல் வெறும் ஓரத்தை அமுக்கிக்கொண்டே இருந்தது.

இன்னொன்று கீபோர்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

'வந்துக் கொண்டிருந்தான்' என்று ஒருவர் எழுதி அனுப்புகிறார். அந்த 'க்' அங்கே வரக் கூடாது, எடுக்க வேண்டும். விரலால் நேராக அந்த இடத்தைத் தொட்டால் கர்சர் சொல்லின் தொடக்கத்திலோ முடிவிலோ போய் உட்காரும், நமக்கு வேண்டிய இடத்தில் நிற்காது. 6எஸ்-இல் நான் செய்தது இது: தமிழ்99 கீபோர்டில் எந்த எழுத்தின் மேல் விரல் இருந்தாலும் சரி, அப்படியே ஓர் அமுக்கு. எழுத்துகள் எல்லாம் மறைந்து கீபோர்டு முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். விரலை நகர்த்தினால் கர்சர் கூடவே நகரும். மேலே, கீழே, பக்கவாட்டில், எந்தப் பக்கமும் இடம் உண்டு. 'க்' தாண்டியதும் விரலை எடுத்து ஓர் அழிப்பு. முழுச் சொல்லையும் மாற்ற வேண்டுமா? கர்சர் சொல்லின் மேல் இருக்கும்போதே விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அமுக்கினால் சொல் தேர்வாகிவிடும். எல்லாம் ஒரே கட்டைவிரல். கிண்டியில் கூட்டம் ஏறி முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டாலும் செய்துவிடலாம்.

ஐபோன் 11-இல் இதே வேலைக்கு ஸ்பேஸ் பாரைத் தொட்டுப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அதே சாம்பல் பலகை வரும், கர்சரும் நகரும். இது பழைய போன்களுக்கும் ஐஓஎஸ் 12-இலேயே வந்துவிட்டது, நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்பேஸ் பார் இருப்பது அடியில். விரல் ஏற்கெனவே திரையின் கடைசிக்குப் பக்கத்தில் நிற்கும், அதைக் கீழே இழுக்க இடமே இல்லை. அடுத்த வரிக்குப் போக ஒரு குறுக்குவழி பழகிக்கொண்டேன்: முதலில் கர்சரை வரி முடிவைத் தாண்டி வலப்பக்கம் ஓட்டிவிடுவது. சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஒரு விரல் பிடித்திருக்கும்போதே இன்னொரு விரலால் கீபோர்டைத் தட்ட வேண்டும். ரயிலில் அந்த இன்னொரு விரலுக்கு நான் எங்கே போவேன்? பிடியை விட வேண்டியதுதான். ஒருமுறை பல்லாவரத்துக்கும் திரிசூலத்துக்கும் நடுவில் அப்படி விட்டு, முன்னால் நின்றவரின் சாப்பாட்டுப் பை மேல் சாய்ந்தேன். மோர்க்குழம்பு.

காத்திருப்பு வேறு. அரை நொடிதானே என்று தோன்றும். ஓர் அத்தியாயத்தில் 40 திருத்தம் இருந்தால் 40 முறை அந்த அரை நொடி, ஒவ்வொரு தடவையும் கை நின்று போனைப் பார்க்கிறது. அமுக்கும்போது நேரம் என் கையில் இருந்தது, அவசரமானால் வெடுக்கென்று அமுக்கலாம். தொட்டுப் பிடிப்பதில் எவ்வளவு அவசரமானாலும் போன் சம்மதிக்கும்வரை நிற்க வேண்டும். மே மாதத்தில் இன்னொரு தொல்லையும் சேரும். வியர்த்த விரல் அரை நொடி அசையாமல் நிற்காது, மயிரிழை வழுக்கினாலும் போன் அதை இழுப்பு என்று எடுத்துக்கொண்டு பக்கத்தை உருட்டிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு 6எஸ்-இன் குறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

2018-இல் குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் போன் விழுந்து திரை சிலந்தி வலையானது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் மலிவாகத் திரை மாற்றினேன். படம் பளிச்சென்று இருந்தது, தொடுதலும் சரி. சாயங்கால ரயிலில்தான் தெரிந்தது, அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை. சிலநேரம் அமுக்காமலே கீபோர்டு சாம்பலாகி, பாதிச் சொல்லில் என்னை விட்டுவிட்டுப் போனது. மறுநாள் போய்க் கேட்டால், "அது ஒரிஜினல் டிஸ்ப்ளேலதான் சார் ஒழுங்கா வரும், இதுல டச் வந்தாலே பெருசு" என்றார் கடைக்காரர், சிரித்துக்கொண்டே. வேறொரு கடையில் பழைய போனிலிருந்து கழற்றிய திரை ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். தொட்டுப் பிடிப்பதில் இந்தத் தலைவலி இல்லை. தொடுதல் வேலை செய்கிற எந்தத் திரையிலும் அது வேலை செய்யும்.

அடுத்தது அம்மா. 11 வாங்கியதும் 6எஸ்-ஐ அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவின் விரல் அழைப்பு மணியும் பட்டன் போனும் பழகிய விரல், எதையும் அழுத்தித்தான் தொடும். வாட்ஸாப்பைத் திறக்கப் போனால் குட்டிப் பட்டியல் ஒன்று எட்டிப்பார்க்கும். "ஏண்டா, நான் ஒண்ணு தொட்டா அது ஒண்ணு காட்டுதே" என்பாள். அழுத்தத்தின் அளவைக் கூட்டி வைத்தேன், பிரயோஜனமில்லை. கடைசியில் 3டி டச்சையே அணைத்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஒரு வருடத்தில் பெரிய ஆண்ட்ராய்டு போனுக்கு மாறினாள். அங்கே நேர் எதிர். யோசித்துக்கொண்டே விரலை வைத்திருப்பாள், ஐகான் கையோடு கிளம்பி வந்துவிடும். காலண்டர் இருந்த இடத்தில் கால்குலேட்டர், போன் ஐகானைக் காணோம் என்று மத்தியானம் அலுவலகத்துக்கு அழைப்பு. போன் ஐகானைக் காணாமல் எப்படி அழைத்தாள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து.

ஆப்பிள் ஏன் 3டி டச்சைக் கைவிட்டது என்பதற்கு அம்மாவையும் என்னையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். எதை அமுக்கினால் என்ன வரும் என்று திரையில் ஓர் அடையாளமும் கிடையாது. ஐபேடில் அது வரவே இல்லை, அதனால் ஆப் எழுதுகிறவர்கள் முக்கியமான எதையும் அதை நம்பி வைக்க முடியாது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் அது இல்லாமலே விற்பனைக்கு வந்தது. 2019-இல் ஐபோன் 11 வரிசை முழுவதும் அதை விட்டுவிட்டது. ஐஓஎஸ் 13-இல் அமுக்கினாலும் பிடித்தாலும் ஒரே பட்டியல். ஆப்பிள் கடிகாரத்தில் இருந்த அமுக்கு வசதியையும் 2020-இல் எடுத்தார்கள். மேக் கணினிகளின் டச்பேடில் இன்னும் இருக்கிறது. 2024-இல் ஐபோன் 16-இன் பக்கவாட்டுக் கேமரா பட்டனில் லேசான அமுக்கை உணரும் உணரி வந்திருக்கிறது. கடையில் தொட்டுப் பார்த்தேன், விரலுக்குப் பழைய ஞாபகம் வந்தது. ஆனால் அதை வைத்து ஒற்றுப்பிழை திருத்த முடியாதே.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு அழுத்தத் திரை தேடச் சொல்ல மாட்டேன், கிடைக்கவும் கிடைக்காது. 6எஸ் ஐஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டது. ஆனால் இருக்கிற போனில் ஒன்று செய்யலாம். ஐபோனில் அமைப்புகள், அணுகல்தன்மை, தொடுதல் என்று உள்ளே போனால் பிடிக்கும் நேரத்தை மாற்றலாம். ஐஓஎஸ் 17-இலிருந்து அங்கே வேகம் என்ற தேர்வும் இருக்கிறது. அதைப் போட்டதிலிருந்து என் எரிச்சலில் பாதி குறைந்தது. ஸ்பேஸ் பாருக்குக் கீழே இடமில்லாத கதை மட்டும் அப்படியேதான். ஆண்ட்ராய்டிலும் அணுகல்தன்மைக்குள் இதே ஏற்பாடு உண்டு. அம்மா போனில் இருப்பதிலேயே நீண்ட நேரத்தை வைத்துவிட்டேன், ஐகான்கள் இப்போது இடத்தை விட்டு நகர்வதில்லை.

ஒரே வீட்டில் இப்போது இரண்டு போனும் எதிரெதிர். அவள் போனை நான் எடுத்தால் பட்டியல் வருவதற்குள் விரலை எடுத்துவிடுகிறேன், ஒன்றும் நடப்பதில்லை. என் போனை அவள் எடுத்தால் விரல் பட்ட இடமெல்லாம் ஏதாவது ஒன்று திறந்துகொள்கிறது. "என்னடா இது, தொட்டாச்சிணுங்கி" என்று மேசையில் வைத்துவிட்டு, சமையலறைக்குத் தன் போனைத் தேடிப் போய்விடுகிறாள்.