மிக்கேல் சம்மனசின் பழைய முகம்: தக்கலைப் பக்கத்து மரச் சுரூபப் பட்டறை

எங்கள் குருசடி, அதாவது சிலுவை வைத்த சின்னக் கோவில், களியக்காவிளைச் சந்தையிலிருந்து நடந்தே போகிற தூரம். இன்னும் கொஞ்சம் நடந்தால் கேரளம். திருநாள் நோட்டீஸை இரண்டு மொழியில் அடிப்போம், சப்பரத்தை இரண்டு பக்கத்து ஆட்களும் தூக்குவார்கள். அங்கே மூன்றடி உயர மரச் சுரூபமாக மிக்கேல் சம்மனசு, அதாவது மிக்கேல் தேவதூதர், இருக்கிறார். என் அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோதே அது பழைய சுரூபம்தான்.

போன வருஷம் பீடத்தைத் துடைக்கும்போது சிறகிலிருந்து மாவு மாதிரி கொட்டியது. உளுத்துவிட்டது, தூக்கிவிட்டு ஃபைபரில் புதுசு வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. மூன்று மாதம் தவணை கொடுங்கள் என்று நான் கேட்டேன். அந்த மூன்று மாதத்தில் தேடிப் பிடித்த பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லைக்கு இரண்டு பக்கமும் இதே நிலைமையில் எத்தனையோ குருசடிகள் இருக்கின்றன.

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற வழியில், ஓட்டு வீடு ஒன்றின் பின்கட்டுதான் பட்டறை. போர்டு கிடையாது. சுரூபம் செய்கிற ஆசாரி வீடு என்று டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். உள்ளே போனதும் மரத்தூள் வாசனை, அதற்கு மேலே வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற நாற்றம். ஒரு மூலையில் பாதி செதுக்கிய பிள்ளையார், அதை ஒட்டி கை உடைந்த அந்தோணியார்.

ஆசாரி எடுத்த எடுப்பில் விலை சொல்லவில்லை. எனக்கு முதலில் பிடித்தது அதுதான். சுரூபத்தைப் பாயில் படுக்க வைத்து, விரல் மொட்டியால் தலையிலிருந்து பாதம் வரை தட்டிக்கொண்டே போனார். "டீச்சர், உடம்பு அயினி. ஒண்ணும் ஆகல்லை. சிறகு ரெண்டும் வேற மரம், பெறகு ஒட்டினது. வண்டு அதிலதான் ஏறியிருக்கு, கேட்டேளா?" படகுக்கும் வீட்டு உத்தரத்துக்கும் போடுகிற மரம் அயினி. அதன் பழத்தைத் தின்று கொட்டையை வறுத்துக் கொறித்து வளர்ந்தவள் நான். இத்தனை காலம் அதற்கு முன்னால்தான் முழந்தாள் போட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் இடது சிறகுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், தபால்தலை அளவுக்கு மட்டும் பெயிண்டை எடுத்துக் காட்டினார். மேலே பளபளப்பான நீல இனாமல். அதற்குக் கீழே வெள்ளிப் பூச்சு, அதற்கும் கீழே செங்காவி. எல்லாவற்றுக்கும் அடியில் சுண்ணாம்புப் பொடியும் வஜ்ஜிரமும் கலந்து பூசிய வெள்ளைத் தளம். அந்த வெள்ளையில் நெல்மணி அளவுக்குத் தங்க ரேக்கு, மெல்லிய தங்கத் தகடு, மினுங்கியது. எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த நீல இனாமல் எங்கள் ஏற்பாடுதான். சில வருஷம் முன்னால் ஒரு பெயிண்டரிடம் கொடுத்தோம். வீட்டுக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டை இரண்டு கோட் அடித்துத் தந்தார். இனாமல் கெட்டியாக உட்கார்ந்தால் செதுக்கு வரிகள் எல்லாம் அடைந்துபோகும். இமை மழுங்கும், உதட்டோரம் நிரம்பிவிடும், முகம் பொம்மை முகமாகிவிடும். சுரூபம் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

முகத்தை ஆசாரி சுத்தம் செய்த மூன்று நாளும் நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, மருந்தில் தொட்டு, ஒரு இடத்தில் வைத்து மெதுவாக எண்ணுவார். பெயிண்ட் இளகியதும் மழுங்கிய சிறு பிளேடால் வழிப்பார். ஒரு இமைக்கு ஒரு காலைப்பொழுது போனது. இமைக்குக் கீழே கோடு மாதிரி ஒரு சின்னக் குழிவு வந்தது. அதுவரை விறைப்பாக நேரே பார்த்துக்கொண்டிருந்த சம்மனசு, காலடியில் கிடக்கிற பசாசைக் குனிந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. இத்தனை வருஷம் நாங்கள் பார்த்தது அவர் முகமே இல்லை.

சிறகில் வண்டு துளைத்த ஓட்டை ஒவ்வொன்றிலும் ஊசியால் மருந்து ஏற்றி, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து வைத்தார். காய்ந்தபின் அயினித் தூளும் வஜ்ஜிரமும் குழைத்து அடைத்தார்.

இடையில் தங்கையின் போன். அவள் வட இத்தாலியில் நர்ஸ். ஆல்ப்ஸ் மலையில் குரோடன் பள்ளத்தாக்கு என்று ஒன்று, அதில் செயின்ட் உல்ரிச் என்கிற ஊருக்கு லீவில் போயிருந்தாள். 1,236 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், மர வேலைக்குப் பேர் போனது. 17ஆம் நூற்றாண்டில் டிரெபிங்கர், வினாட்சர் என்ற குடும்பங்கள் தொடங்கியது. பனி மூடிய மாதங்களில் விவசாயிகள் வீட்டுக்குள் உட்கார்ந்து, மலையில் வளரும் ஒருவகைப் பைன் மரத்தில் சுரூபமும் பொம்மையும் செதுக்கி, முதுகில் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றிருக்கிறார்கள். இன்றும் அங்கிருந்து உலகம் முழுக்கச் சுரூபங்கள் போகின்றன. மிஷினில் உருவம் எடுத்து, கடைசி வேலையைக் கையால் செய்வது இப்போதைய வழக்கம். ஊருக்கு மேலே காட்டுப் பாதையில் ஏறி சந்தியாகப்பர் கோவிலையும் பார்த்தாளாம். "சுவர்ல நிறம் மங்கின இடத்தை மங்கினபடியே விட்டிருக்காங்க அக்கா" என்றாள். புது மிக்கேல் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். அவள் சொன்ன அந்த மங்கின சுவர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

போட்டோக்களை ஆசாரியிடம் காட்டினேன். போனைக் கண்ணருகே வைத்து ஒரு மாதாவின் முந்தானை மடிப்பை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல கை" என்றார். தன் கை எங்கே பழகியது என்று கேட்டதற்கு அரண்மனைப் பக்கம் தலையைக் காட்டினார். பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்து மரக் கூரையில் 90 பூக்கள் இருக்கின்றன, ஒன்று போல் இன்னொன்று கிடையாது. சின்ன வயதில் அப்பா அவரை அங்கே கூட்டிப்போய் அண்ணாந்து எண்ணச் சொல்வாராம். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த அரண்மனையைக் கேரள அரசுதான் பராமரிக்கிறது. எங்கள் பக்கத்து ஆசாரிக்கு அதுவே பள்ளிக்கூடம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் என்றார், பதினோரு வாரம் ஆனது. செப்டம்பர் 29 திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் சுரூபம் கைக்கு வந்தது. கமிட்டியிடம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. போனை எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். கணக்குக்கு ரசீது கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித் தருவார். வலது சிறகின் நுனியில் புதிதாகச் சேர்த்த இறகுகள் பகல் வெளிச்சத்தில் ஒரு சாயல் வெளுத்துத் தெரிகின்றன. கேட்டபோது, இரண்டு மழைக்காலம் போனால் சேர்ந்துகொள்ளும் என்றார். சேருமா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. மார்புக் கவசத்தில் தங்க ரேக்கு முழுசாக ஒட்ட வேண்டும் என்று கமிட்டியில் சிலர் பிடிவாதமாக நின்றார்கள். உள்ளதைக் காப்பாற்றித் தருகிறேன், இல்லாததை ஒட்டமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். நான் அவர் பக்கம்தான். கடைசியில் சம்மனசு கையிலுள்ள தராசின் தட்டு இரண்டுக்கு மட்டும் புது ரேக்கு ஒட்ட ஒப்புக்கொண்டார். பழைய தட்டு காணாமல் போய் தகரம்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போகிறவர்கள் சுரூபத்தை பெட்ஷீட்டில் சுற்றி, பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். நிற்க வைத்தால் சிறகு அசையும். பழைய போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள், அதை முதலில் கேட்பார். திருநாள் எதுவானாலும் ஐந்து மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் சூசையப்பரை தை மாதம் கொண்டுபோகிறேன். அவர் மேலேயும் அதே நீல இனாமல்தான் இருக்கிறது.