படுக்கைப் புண்ணுக்கு ஏர் பெட்: வாங்கலாம், ஆனால் புரட்டிப் போட ஆள் வேண்டும்

காரைக்குடியில் ஒரு சர்ஜிகல் கடையில் வாங்கினோம். குமிழ் குமிழாக இருக்கும் சாதா ரகம், 2,600 ரூபாய். நீளக் குழாய் மாதிரிக் காற்றுப்பை வைத்த ரகமும் இருக்கிறது, விலை அதிகம், வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

படுத்திருப்பவன் என் நண்பன். புற்றுநோய் முதுகுத்தண்டு வரை போய்விட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நமக்கென்றால் ஒரே பக்கமாகக் கிடந்தால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டுகொள்வோம். அவனுக்கு அந்த வலி வராது, அதனால்தான் புண் வருகிறது. இந்த பெட்டின் பம்ப் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஒரு வரிசைக் குமிழில் காற்றை ஏற்றி அடுத்த வரிசையில் இறக்குகிறது, அழுந்துகிற இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். வால் எலும்புக்கு மேலே சிவந்திருந்த இடம் தணிந்துவிட்டது, அதற்கே காசு சரியாகப் போச்சு.

நம்ம பக்கத்து வீடுகளுக்கு இதில் சில தொல்லை உண்டு. பம்பின் கொக்கியை ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பிக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். அவன் படுத்திருப்பது ஆச்சி வீட்டில், அங்கே இருப்பது பர்மாத் தேக்குக் கட்டில், கால்மாட்டுப் பலகை மூன்று விரல் கனம், கொக்கி எங்கே மாட்டும்? பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டித் தொங்கவிட்டோம். வளவை, அதாவது உள்முற்றத்தை, ஒட்டிய அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் கதவுக்குப் பின்னால். ஜங்ஷன் பாக்ஸ் போடும்போது ஒயரை நிலைப்படிக்குக் குறுக்கே விடாதீர்கள், வயசானவர்களுக்குக் கால் தடுக்கும். கரண்ட் போனால் காற்று மெல்ல இறங்கிவிடுகிறது, அதனால் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். மேலே ஒற்றை விரிப்புப் போதும், கனமாக அடுக்கினால் பெட் போட்டதே வீண். அப்புறம், இடுப்புக்கு நேரே பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள், எலும்பு கையில் இடித்தால் காற்று பத்தவில்லை.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று: பெட் இருக்கிறதே என்று புரட்டாமல் விட்டுவிட முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போடத்தான் வேண்டும், குதிகால் எதிலும் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும், சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. ராத்திரியிலும்தான்.

நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். பைபிளில் அன்பைப் பற்றிக் கொரிந்தியருக்குக் கடிதம் எழுதும்போது பவுலடியார் பொறுமையைத்தான் முதலில் வைக்கிறார், அது ஏன் என்று இரண்டு மணி அலாரத்துக்கு எழுந்து பாருங்கள். "போடா, தூங்க விடு" என்று அவன் எரிந்து விழுவான், பதில் பேசாமல் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கையைக் கொடுத்துத் திருப்ப வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் ஏழை எளியவர்களுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையில் சிலர் முறை போட்டு வருகிறார்கள், சத்தமில்லாமல் புரட்டிவிட்டு, மூத்திரப் பையைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். இன்னும் சிலர் வந்து, "ஆண்டவர் சோதிக்கிறார்" என்று அரைமணி நேரம் பேசுகிறார்கள். பைபிளில், உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த கூட்டாளிகள் ஏழு நாள் வாயே திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்கள்தான், பேச ஆரம்பித்ததும்தான் எல்லாம் கெட்டது. கேட்காமல் யாரும் கட்டிலருகே சத்தமாக ஜெபம் பண்ண வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். படுத்துக் கிடப்பவனிடம் போய் மதம் பேசுவது தர்மமும் இல்லை, கிறிஸ்தவமும் இல்லை. ஆச்சி பிள்ளையார்பட்டித் திருநீறு வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் குனிய முடியாத நாளில் அவன் நெற்றியில் பூசிவிடுவது நான்தான்.

"தம்பி, இந்த மிஷின் சத்தத்துக்கு நான் வெளியே திண்ணையிலேயே படுத்துக்கிடுவேன் போல" என்றார்கள் ஆச்சி. சத்தம் இருக்கத்தான் செய்கிறது, மீன்தொட்டி மோட்டார் மாதிரி. பம்புக்குக் கீழே மடித்த துண்டு வைத்தால் குறைகிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்கும்போது கடையிலேயே பம்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். எங்களுக்கு வெறும் அட்டையைத்தான் கொடுத்தார்கள், முத்திரைக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.